வண்டியை நிறுத்துற பாடம்

"டேய், உட்காருங்கடா எல்லாரும்! பேச்சை நிறுத்து. ஏய் நெட்டை, உன்னைத்தான்! மூட்டை மேல சாயாத, அது எவன் வீட்டுப் பார்சலோ. சார் முன்னாடி என் மானத்தை வாங்காதீங்க."

ரேடியோ கையைத் தட்டினாரு. பார்சல் ஆபீஸ்ல வண்டி ஓட்டுற பசங்க அத்தனை பேரும் கப்சிப்னு உட்கார்ந்தாங்க.

ரேடியோங்கிறது பட்டப்பேரு. புதுசா வேலைக்கு வர்றவனுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கிவிடுறது அவரோட வேலை. அதுக்கு அவருக்கு வண்டியே தேவையில்ல. ஒரு ஸ்டூல் மேல உட்கார்ந்து, வாயாலயே ஸ்டார்ட் பண்ணி, வாயாலயே கியர் மாத்தி, குறுக்கே வர்ற நாயையும் அவரே குரைச்சு, ஊரைச் சுத்திக் காட்டிடுவாரு. சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாயிடும்.

இன்னிக்கு யாரும் சிரிக்கிற நிலைமையில இல்ல.

போன வாரம் பெரிய இறக்கத்துல வண்டி நிக்காம, கீழே திரும்பிக்கிட்டிருந்த தண்ணி லாரியில மோதி ஒருத்தன் போய்ட்டான். கண்ணாடி தடிமனா இருக்கும், அதனால சோடாபுட்டின்னு கூப்பிடுவாங்க. தலைமை ஆபீஸ்லேர்ந்து சார் விசாரிக்க வந்திருக்காரு. ஓட்டினவன் தப்புன்னா விஷயம் அதோட முடிஞ்சுது. பழக்கினவர் தப்புன்னா ரேடியோ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூலையில, காலிப் பெட்டிங்க பக்கத்துல, சோடாபுட்டியோட சம்சாரம் உட்கார்ந்திருந்துச்சு. புருஷனோட மழைக்கோட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் வாங்கிட்டுப் போக வந்த பொண்ணு. வந்ததிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. தண்ணி கொடுத்தாங்க, குடிச்சுது. அவ்ளோதான்.

"நிறுத்துறதுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க? அப்படியே காட்டுங்க"ன்னாரு சார்.

பேச்சு நின்னா பயம் வெளியே தெரிஞ்சிடுமேன்னு ரேடியோ ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தாரு.

"டுபுடுபுடுபு... நாலாவது கியர்ல வர்றேன் சார். முன்னாடி லாரி. முதல்ல ஆக்சிலேட்டரை விடுறேன். இப்ப கை பிரேக்கு, கால் பிரேக்கு, ரெண்டும் சேர்த்து. வெடுக்குன்னு இல்ல, நைசா. கிளச்சைத் தொட்டு மூணாவது கியர், க்ளக்! கிளச்சை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடிச்சு இழுக்குது பாருங்க, ஊஊம்... அப்புறம் ரெண்டு, க்ளக்! நிக்கப் போற நேரத்துலதான் கிளச்சை முழுசாப் பிடிக்கணும். கிளச்சு கடைசியிலதான் சார். டுபு... டுபு... நின்னுடுச்சு. காலை ஊனு. லாரிக்கு ஒரு சலாம்!"

நெட்டை பழக்க தோஷத்துல சிரிச்சிட்டான். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"அப்ப அவரு எங்க தப்புப் பண்ணினாரு?"

"பயம் சார். பயந்தவன் முதல்ல கிளச்சைத்தான் கவ்வுவான்." ரேடியோ கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, அச்சு அசல் சோடாபுட்டியாவே மாறிட்டாரு. "'ஐயையோ லாரிண்ணே, லாரிண்ணே!' கிளச்சை இறுக்கிப் பிடிச்சா எஞ்சின் தனி, சக்கரம் தனி. உருட்டிவிட்ட பீப்பா மாதிரி ஓடும். பின்னாடி பார்சல் கனம் வேற. வெறும் பிரேக்கு என்ன பண்ணும், பாவம்?"

செத்தவன் குரல் அப்படியே வந்துச்சு. பசங்க யாரும் நிமிரல.

"வண்டி எந்தக் கியர்லயும் இல்லாம நியூட்ரல்ல இருந்துச்சுன்னு போலீஸ் சொல்லுது. சாவி கூட அணைச்சிருந்துச்சாமே?"

"விழுந்த வேகத்துல கியர் நழுவியிருக்கும் சார். சாவியை அப்புறம் யாராவது நல்ல மனுஷன் அணைச்சிருப்பான், தீப்பிடிக்கக் கூடாதுன்னு."

சார் பசங்க பக்கம் திரும்பினாரு. "நீங்க என்னப்பா சொல்றீங்க?"

நெட்டை எழுந்தான். "சார், அது... இறக்கத்துல மட்டும்..."

"இறக்கத்துல மட்டும் இவனுக்குத் தலை சுத்தும் சார்!" ரேடியோ குறுக்கே பாய்ஞ்சாரு. "என்னடா, சுத்தும்தானே?"

நெட்டை அவரைப் பார்த்தான். "ஆமா சார், சுத்தும்"னான்.

சார் எழுந்து சட்டையைத் தட்டிக்கிட்டாரு. "பாடம் சரியாத்தான் இருக்கு. உங்க ஆபீஸ் மேல மேலிடத்துல எப்பவும் நல்ல பேருதான். பெட்ரோல் செலவு வேற எங்கேயும் இவ்ளோ கம்மி கிடையாது. என்ன மந்திரம் போடுறீங்களோ!"

"எல்லாம் கைப்பழக்கம் சார்."

ரேடியோவுக்கு இப்பத்தான் மூச்சு வந்துச்சு. மூச்சு வந்ததும் மனசும் இளகிடுச்சு. மூலைக்குப் போய் அந்தப் பொண்ணு முன்னாடி குந்தினாரு.

"தங்கச்சி, மனசுல எதையும் வெச்சுக்காதம்மா. அவனுக்கு நான் ஒண்ணு விடாமச் சொல்லிக் கொடுத்தேன். நேரம் வந்தப்ப அவன்தான் மறந்துட்டான். என்ன பண்றது, சொல்லு?"

அந்தப் பொண்ணு நிமிர்ந்து பார்த்துச்சு. அழல.

"அவரு ஒண்ணையும் மறக்கலண்ணே. தினம் வீட்டுக்கு வந்து உங்களைத்தான் நடிச்சுக் காட்டுவாரு. டுபுடுபு, க்ளக்கு, சலாம், எல்லாம். 'இறக்கம் வந்துடுச்சா? நியூட்ரல்ல போடு, சாவியை அணை, சும்மா உருளட்டும், பெட்ரோல் மிச்சம்டா'ன்னு உங்க குரல்லயே சொல்லுவாரு. அந்த இடத்தை மட்டும் இன்னிக்கு ஏண்ணே விட்டுட்டீங்க?"