மச்சினனுக்குப் போன பழசு

மனிதகுலம் முன்னேறியதே ஸ்க்ரூ டிரைவரைத் துணிந்து கையில் எடுத்தவர்களால்தான் என்று மனைவியிடம் அறிவித்துவிட்டு, கணக்காளர் தன் கேம் கம்ப்யூட்டரைத் திறந்தார். திரையில் படத்தை ஓட்டும் பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி, புதுசுபோலத் துடைத்து, ஒரு வருஷமாகச் சிறுகச் சேர்த்து வாங்கிய புதியதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு.

மாட்டி முடித்து விளையாடிக் காட்டினார். “பாத்தியா, வெண்ணெயா வழுக்குது.”

“எனக்கு எப்பவும்போலத்தாங்க தெரியுது.”

“அதுக்கெல்லாம் கண்ணு பழகணும்.”

பழசை மச்சினனுக்குப் பெருந்தன்மையோடு கொடுத்தனுப்பினார். மறுநாள் அவன் போன் செய்தான்.

“மாமா, உங்க பழசே இந்தப் பறப்பு பறக்குதே, புதுசு எப்படி இருக்கும்?”

“எல்லாம் பராமரிப்புடா.”

“அதான் பாத்தேன். மேல ஒட்டின பிளாஸ்டிக் தாளைக்கூட இத்தனை வருஷமா உரிக்காம வச்சிருக்கீங்களே.”

துடைத்து வைத்த பழைய கார்டையே கணக்காளர் திரும்பவும் மாட்டியிருந்தார்.