பச்சைப் பொட்டு முறுக்கு

ஒரு மளிகைக் கடையின் மூட்டைகளுக்குப் பின்னால் தாண்டவன் என்ற எலியும் அவன் மனைவி அம்சாவும் குடியிருந்தார்கள். அந்தக் கடைப் பொட்டலங்களில் புதிதாக வண்ணப் பொட்டு ஒட்டி வரத் தொடங்கியது. எண்ணெயும் உப்பும் அதிகமென்றால் சிவப்பு, உடம்புக்கு நல்லதென்றால் பச்சை.

"ஏங்க, வளைக்குள்ள நுழையறதுக்கே உங்களுக்கு மூச்சு வாங்குது. இனிமே பச்சை மட்டும்தான்," என்று அம்சா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

தாண்டவன் ஒரு பச்சைப் பொட்டலத்தைக் கடித்துப் பார்த்தான். வாயில் இருப்பது தானியமா அட்டையா என்றே தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்தான். பிறகு பச்சைப் பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து முறுக்குப் பொட்டலங்களின் மேல் ஒட்டினான். மனசு உறுத்தாமல் வாரம் முழுக்க முறுக்கு தின்றான், அந்தப் பொட்டலங்களின் மேலேயே புரண்டு தூங்கினான்.

ஒரு மத்தியானம் பூனை வந்தது. தாண்டவன் ஓடிப்போய் வளைக்குள் பாய்ந்தான், இடுப்பு சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து அம்சா அவன் காதைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பூனையின் மூச்சு வாலில் சுடச்சுடப் பட்டது.

"அம்சா, நான் போயிட்டு வரேன்," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

பூனை வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தது. அங்கே ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருந்தது.

"சே, உடம்புக்கு நல்லதா? ருசியே இருக்காதே!" என்று முகம் சுளித்துவிட்டுப் பூனை நடையைக் கட்டியது.

அம்சா குலதெய்வத்துக்குக் கும்பிடு போட்டாள். தாண்டவனுக்கோ அழுகையே வந்துவிட்டது.

"ஒரு கடி கடிச்சுப் பார்த்துட்டாவது சொல்லியிருக்கலாம்ல, அம்சா?"