பதினோராவது சாவு

பூவரசன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் விளக்கினான். பால் காய்ச்சி டீ போட்டான். குடித்து முடிப்பதற்குள் மைத்துனன் மாதேஷ் வந்து, போனில் ஃப்ளெக்ஸ் டிசைனைக் காட்டினான். பூவரசனின் மனைவி சுமித்ராவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அவள் படத்தைவிட மாதேஷின் படம் பெரிதாக இருந்தது.

பதினோரு படங்களில் சுமித்ரா ஹீரோவின் தங்கை. பதினொன்றிலும் இடைவேளைக்குள் செத்துவிடுவாள். கடைசிப் படத்தில் அந்தச் சாவுக் காட்சியை எடுத்து முடித்ததும் நிஜமாகவே மயங்கி விழுந்தாள். நினைவு திரும்பாமலே மூன்றாம் நாள் இறந்தாள்.

ஃப்ளெக்ஸில், "அண்ணா, அடுத்த பிறவியிலும் உனக்கே தங்கையாப் பிறக்கணும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இந்த வசனத்த எடுத்துரு மாதேஷ்."

"என்னங்க மாமா! தர்மபுரி தியேட்டரே அழுதுச்சு. அக்கா கடைசியா பேசுனதுங்க இது."

"அது டப்பிங் குரல்டா."

"குரல் யாருதா இருந்தா என்னங்க? வாயத் தொறந்து சொன்னது அக்காதானுங்களே?"

"அன்னைக்கு வசனமே எழுதல. ஹீரோ அழுவுற மூஞ்சிதான் முக்கியம், நீ எதையாச்சும் சொல்லி வாய அசைம்மான்னுட்டாரு டைரக்டர். நான் சாப்பாட்டு டப்பாவோட கேமராவுக்குப் பக்கத்துலதான் நின்னேன்."

மாதேஷ் திகைத்தான். "அப்ப அக்கா என்னதான் சொல்லுச்சு? அதையே போட்டுரலாங்க."

பூவரசன் போனில் அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டான். ஹீரோவின் மடியில் கிடந்தவள் ஹீரோவைப் பார்க்கவில்லை; கேமராவைத் தாண்டி இவனைப் பார்த்தாள். அவள் உதடுகளோடு சேர்ந்து இவனும் சொன்னான்:

"என்னங்க, எனக்குப் பசிக்குது. அந்தப் புளிசாதத்த யாருக்கும் குடுத்துறாதீங்க."