பத்து நம்பர் ஸ்பேனர்

"எங்க வண்டி இதுவரைக்கும் எங்கயும் நின்னது கிடையாதுங்க" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள் அம்புஜவல்லி. வாசலில் நின்றது படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்த கேரவன். அதைக் கோயில் சுற்றுலாவுக்கு வாடகைக்கு விடுபவன் அவள் மகன் தமிழ்மணி. அதிலேயேதான் திட்டக்குடியிலிருந்து விருத்தாசலத்துக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

பெண் கயல்விழி காபி கொண்டு வந்தாள். தமிழ்மணிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. டம்ளரை நீட்டும்போது அவளும் நேராக நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

அம்புஜவல்லியின் கண் மட்டும் பெண்ணின் கைமேல் இருந்தது. உள்ளங்கை இப்படிக் காய்த்துப் போயிருக்கிறதே என்று விசாரித்தாள். பீங்கான் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன், சூளைக்குப் போகிற கரண்ட் எல்லாம் இவள் பொறுப்பு என்று அப்பா ஆதிநாராயணன் பூரிப்போடு சொல்லிவைத்தார். அதோடு காரியம் கெட்டது.

"ஊருக்குப் போயிட்டுத் தகவல் சொல்றோங்க" என்றாள் அம்புஜவல்லி.

இதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆதிநாராயணன் முகம் வாடிவிட்டது. கயல்விழி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

வேண்டாம் என்று முடிவு செய்த வீடுதான். ஆனாலும் கேசரி நன்றாக இருந்ததால் அம்புஜவல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள். அவள் அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் தமிழ்மணி, போனில் சிக்னல் இல்லை என்று எழுந்து வெளியே போய்விட்டு வந்தான்.

கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எந்த மெக்கானிக்கும் போனை எடுக்கவில்லை. விடிந்தால் ஆறு பேர் ராமேஸ்வரம் போக வந்து நிற்பார்களே என்று அம்புஜவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கயல்விழி பத்து நம்பர் ஸ்பேனரோடு வந்தாள். வண்டியின் பக்கவாட்டில் இருந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்தவள், ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். பிறகு இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, ப்ளஸ்ஸை முதலிலும் மைனஸை அடுத்தும் மாட்டி முறுக்கினாள். அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, பச்சைக் களிம்பு பூக்காமலிருக்க மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினாள்.

ஒரே திருப்பில் வண்டி உறுமியது.

அம்புஜவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. வருஷம் முழுக்க ரோட்டில் கிடக்கிற வண்டிக்கு இப்படி ஒரு மருமகள் அல்லவா வேண்டும். காய்ப்புக் காய்த்த அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"தகவலாவது ஒண்ணாவது. இப்பவே பூ வச்சிட்டுத்தாங்க போவேன்."

பெரியவர்கள் பூ வாங்க ஓடிய நேரத்தில் தமிழ்மணிக்கு மனசு உறுத்தியது. தயங்கித் தயங்கிப் பேட்டரிப் பெட்டியருகே வந்தான்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க. இன்னும் கொஞ்ச நேரம் இங்க இருக்கணும்னு, அவசர அவசரமா ப்ளஸ்ஸ நான்தான் கழட்டி வுட்டேன்."

கயல்விழி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"மைனஸ நான் அதுக்கு முன்னாடியே கழட்டி வச்சிருந்தேங்க."