பாரிசில் இறங்கியாச்சு

லக்ஷிகா அந்தப் படத்தை அழிக்க இரண்டு நிமிசம் பிந்திவிட்டாள். அதற்குள் சோபனா பார்த்துவிட்டாள். பார்த்ததோடு நிற்காமல் பெரிதாக்கியும் பார்த்துவிட்டாள்.

லக்ஷிகா, மரகதம், தேவதர்ஷினி. மூன்று பேருக்கும் பின்னால் விளக்குப் போட்ட ஈபிள் கோபுரம். கீழே ஒரு வரி: "பாரிசிலை இறங்கியாச்சு."

தன் மனுசனுக்கு அனுப்ப வேண்டியதை லக்ஷிகா அவசரத்தில் சினேகிதிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருப்பது நாலே நாலு பேர். நாலாவது ஆள் சோபனா. பூமியின் மறுகோடியில், மனுரேவா வீட்டுக் குசினியில், ஞாயிற்றுக்கிழமை காலமை மழைக் குளிரில், புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இஞ்சேருங்கோ, இதைக் கேட்டீங்களோ?"

அவளின் மனுசன் கீதன் ஹோலில் இருந்து பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன?"

"மூண்டு பேரும் பாரிஸ் போயிட்டாளவை. போன வெள்ளிக்கிழமை கோயிலிலை எனக்குப் பக்கத்திலை இருந்து கடலை சாப்பிட்டவளவை. ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

கீதன் டிவிச் சத்தத்தைக் குறைத்தான்.

"பாத்தியோ? இதுகளைத்தான் நீ தலையிலை தூக்கி வைச்சு ஆடினனி."

சோபனாவுக்கு, மறைத்து என்ன, பொறாமைதான். பாரிஸ் என்ற சொல்லை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுவந்ததே அவள். "மனுசன்மார், பிள்ளையள் ஒருத்தரும் வேண்டாம், நாங்கள் நாலு பேருமா ஒருக்காப் போவம்" என்று அவள் சொல்லி மூன்று வருசம். இப்போது அவளைத் தவிர எல்லாரும் போயாச்சு.

மரகதம் அக்காவுக்கு முழங்கால் வருத்தம். பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியில் ரெண்டு கடை ஏறி இறங்கினால் கதிரை தேடுகிற மனுசி, பாரிசில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறா. தேவதர்ஷினி இரவிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள். லக்ஷிகாவின் சிவப்புக் கோட்டு, கூடப் போய்ச் சோபனாவே தெரிந்தெடுத்துக் கொடுத்தது. எதுக்கடி இவ்வளவு மொத்தமான கோட்டு என்று கேட்டதற்கு, "சும்மா, கிடக்கட்டும்" என்றிருக்கிறாள் கள்ளி.

"டிக்கெட், லீவு, ஹோட்டல் எல்லாம் மாசக்கணக்காத் திட்டம் போட்டிருக்கினம். என்ரை கண்ணூறு பட்டிடுமெண்டு மறைச்சினமோ?"

"இருக்கும்," என்றான் கீதன். "அதுகளின்ரை குணம் அப்பிடி. நீ ஒண்டும் கேக்காதை. பேசாமல் குழுவிலை இருந்து விலகு. எங்கடை மரியாதை எங்களோடை."

பிறகு தானாக எழும்பி வந்தான். "நீ இரு. நான் தேத்தண்ணி போடுறன்."

பதினேழு வருசத்தில் இது முதல் தடவை. சோபனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர் கைவிட்டாலும் இந்த மனுசன் இருக்கிறார் என்று நினைத்தாள்.

போனை எடுத்து நீளமாக எழுதினாள், அழித்தாள், இன்னும் நீளமாக எழுதினாள். கடைசியில் "நல்லா இருங்கோ" என்று மட்டும் அனுப்பினாள். நம்முடைய ஆட்கள் அதை எப்படிச் சொல்லுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு குழுவிலிருந்து விலகினாள்.

ஒரு நிமிசம் ஆகவில்லை, போன் அடித்தது. தேவதர்ஷினி.

"எடாதை," என்றான் கீதன்.

பேச நாக்குத் துடித்துக்கொண்டிருந்தவள் எடுக்காமல் விடுவாளா?

"என்னடி, பாரிஸ் எப்பிடி? நல்ல குளிரோ?"

"கோவிக்காதை சோபனா. டிக்கெட் போட முதல் உன்னைத்தானே கேட்டனாங்கள்."

"என்னையோ? எப்ப?"

"உன்னை எண்டால், கீதன் அண்ணாவை. மனுசனைக் கேக்காமல் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போனால் எங்கடை சனம் சும்மா விடுமோ? மூண்டு பேரும் வீட்டை வந்து, 'அண்ணா, சோபனாவை எங்களோடை விடுவீங்களோ' எண்டு கேட்டனாங்கள். நீ அண்டைக்குப் பென்ரோசிலை வேலை."

சோபனா நிமிர்ந்து பார்த்தாள். கீதன் கேத்தலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்குப் பிளேன் எண்டால் சரியான பயம், வெளியிலை சொல்ல வெக்கப்படுறாய் எண்டவர். பாரிஸ் கதை எடுத்தால் வீட்டை வந்து அழுவாயாம். உனக்கு மூச்சு விடவேண்டாமெண்டு கையெடுத்துக் கும்பிட்டவர். பாவம், ஆசையும் இருக்கு, ஏறவும் பயம் எண்டு நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தனாங்கள். மரகதம் அக்கா வந்து இறங்கினதிலை இருந்து, சோபனா இல்லையே எண்டு ஒரே புலம்பல்."

"நான் பிறகு எடுக்கிறன்," என்று போனை வைத்தாள் சோபனா.

கீதன் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"ரெண்டு கிழமை, பதினாலு நாள், சோபனா. சமையல், பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம்… நான் தனிய என்னெண்டு?"

சோபனா கையிலிருந்த மாவைக் கழுவினாள். ஆறுதலாகத் துடைத்தாள். சத்தம் போடாமல் சொன்னாள்:

"உங்கடை முகத்தை ஒருக்காலும் நேரிலை காணாமல், தன்னந்தனிய மூண்டு பிளேன் மாறி உங்களைக் கட்ட வந்தனான். பயந்திருக்க வேண்டியது அண்டைக்குத்தான்."