திருடி வச்சது

மதாம் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

இலையின் அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறம்.

ராஜாம்பாளின் பேரனுக்கு அன்று காதுகுத்து. முதலியார்பேட்டை வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பதினைந்து குழி நிலம். போன ஆடியில் வெறும் கட்டாந்தரை. இப்போது விரல் வைக்க மண் தெரியாமல் பச்சை படர்ந்து கிடந்தது. நடுநடுவே வெள்ளைப் பூ. வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கே வாங்கினது என்று காலையிலிருந்து ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"வாங்கினா புடிக்குமா? திருடி வச்சது!" என்றார் ராஜாம்பாள் ஒவ்வொரு முறையும். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டு வாங்கிய செடி வளராமல் நிற்கும், திருடி வைத்ததுதான் படரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கேசரித் தட்டோடு நின்ற இனியா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வீட்டு வேலைக்காரப் பெண் அவள். கொடியின் ஒவ்வொரு கணுவையும் மண்ணில் ஊன்றியவள். ஓட ஓட நுனியைக் கிள்ளி, வெறுமையாகக் கிடந்த இடத்தில் மறுபடி ஊன்றி, கோரையைப் பிடுங்கிப் பிடுங்கி நகக்கண் கறுத்தவள்.

மதாம் நிமிர்ந்தார். பக்கத்து வீட்டுக்கார அம்மாள்; தெருவுக்கே அவர் மதாம். இந்தத் தோட்டத்துக்குள் வருவது இதுவே முதல் தடவை.

"நான் ரெயூனியன் தீவுலேந்து பைக்குள்ள ஒளிச்சி எடுத்தாந்த செடி இது. யாருக்கும் ஒரு கிள்ளு குடுத்ததில்ல."

சிரிப்பு நின்றது.

இனியாவின் அம்மா வீராயிக்கு மதாம் வீட்டில் வேலை. அம்மாவும் மகளும் படுப்பது அந்த வீட்டுக் கொல்லை அறையில். முன்பு இருந்தவளை ஓர் எலுமிச்சம்பழத்துக்காக மூட்டையோடு தெருவில் நிறுத்தியவர் மதாம்.

'நான்தான் எடுத்தாரச் சொன்னேன்' என்று ராஜாம்பாள் சொல்லிவிட்டால் போதும். எடுத்துவரச் சொன்னதும் அவர்தான். இனியா அவர் வாயையே பார்த்தாள்.

ராஜாம்பாள் கை நீட்டி இனியாவைக் காட்டினார்.

"எனக்கு என்னா தெரியும் மதாம்? திருடி வச்சது."

அதே இரண்டு சொல்தான். இந்த முறை முதல் சொல் ஒரு பெண்ணின் பெயராகிவிட்டது.

"செடியோட போச்சுன்னு இருந்துடாத ராஜாம்பா," என்றாள் ஒருத்தி. "உள்ள போயி மொதல்ல பீரோவப் பாரு."

மதாம் இனியாவைப் பார்க்கவில்லை. குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வீராயியைப் பார்த்தார். விசேஷ வீட்டுக்கு உதவியாக மதாமே அனுப்பி வைத்திருந்தார்.

"வீராயி, ஒனக்குத் தெரியுமா இது?"

வீராயி எழுந்து வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். மகளைப் பார்த்தாள்.

அறை விழுந்தது. கேசரித் தட்டு செடிமேல் கவிழ்ந்தது.

"திருடி! மதாம் வூட்டுச் சோத்தத் தின்னுட்டு அவங்க வூட்டுலயே கைய வச்சியாடி?"

மறுபடியும் அறைந்தாள். இந்த முறை தலைமுடியைப் பிடித்துக்கொண்டு.

"போதும் வுடு," என்றார் மதாம். "ஒம் மேல தப்பு இல்ல, நீ இரு. இவ இனிமே எங் கேட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது."

வீராயி தலையாட்டினாள். உடனே ஆட்டினாள்.

ராஜாம்பாள் கொட்டிக் கிடந்த கேசரியைப் பார்த்தார். "எறும்பு மொய்ச்சா செடி பாழாப் போயிடும். அத அள்ளிப் போட்டுட்டு நீயும் கெளம்பு."

செடியைப் பிடுங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

இனியா மண்டியிட்டு அள்ளினாள். கன்னத்தில் ஐந்து விரலும் எரிந்தன. அந்த விரல்களை அவளுக்குத் தெரியும்.

போன ஆடியில், மதாம் தோட்டத்தில் அவள் கொடியைக் கிள்ளக் குனிந்தபோது, "நீ தொடாத, மாட்டிக்குவ" என்று அவளை விலக்கிவிட்டு, கணுக் கணுவாகக் கிள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கொடுத்த விரல்கள்.