துரைக்குக் கட்டிய மாலை

“வண்டி இன்னைக்கு மலை ஏறாது, துரை” என்று சொல்லிவிட்டு, அர்ஜுனன் டாக்சியின் சாவியை உருவிக்கொண்டான். மலையடிவாரத்துத் தாப்பா சந்தியில், மூசா பாயின் சாப்பாட்டுக் கடை வாசலில் வண்டி நின்றது.

பின் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரத் துரைக்கு முகம் சிவந்தது. “ஏய் மேன்! யாரைக் கேட்டு நிறுத்தின? எடு வண்டி!”

மலைத்தோட்டத்தில் மேனேஜராக இருந்தபோது பழகிய தமிழ். அதில் அதட்டல் மட்டும் துருப்பிடிக்கவில்லை.

அவரும் துரைசானியும் உல்லாசக் கப்பலில் வந்திருந்தார்கள். பங்கோர் தீவுக்கு வெளியே நிற்கும் கப்பல் நாளை இரவு கிளம்பிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டுமென்று துரை திட்டம் போட்டிருந்தார். காலையில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் பவளப்பாறை பார்ப்பது, மாலையில் கேமரன் மலையில் தன் பழைய தேயிலைத் தோட்டம், நாளை மறுபடியும் கப்பல்.

“முக்குளிக்கக் கூட்டிட்டுப் போன கப்பல்காரரு கரையில வச்சு என்ன சொன்னாரு, துரை? அடியில முங்குனவங்க அன்னைக்கே மலை ஏறக் கூடாதுன்னாரு. ரத்தத்துல காத்துக் கொப்புளம் கெளம்பி, கைகால் இழுத்துக்குமாம். உசுரே போயிருமாம். எனக்கும்தான் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாரு. நீங்க தலையாட்டுனீங்களே!”

“அது பெரிய மலைக்கு! இது என் மலை!” துரை கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு இறங்கினார். “அங்க என் ஆளுங்க மாலை கட்டி வச்சிருக்கான். தெரியுமா உனக்கு?”

அது உண்மைதான். துரை வருகிற சேதி எட்டியதுமே, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஜனங்கள் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்களே டாக்சி அனுப்புகிறோம், மாலை மரியாதையோடு வரவேற்கிறோம் என்று. பாஞ்சாலை வீட்டுக்கு வீடு ஏறி இறங்கி வேண்டியதைச் சேர்த்து, மாலையைத் தன் கையாலேயே கட்டி முடித்திருந்தாள்.

பாஞ்சாலை யாரென்று கேட்பீர்கள். அர்ஜுனனின் அக்கா.

எழுபத்தொன்றாம் வருஷம் இந்தத் துரைதான் பங்களாவில் நீச்சல் குளம் வெட்டினார். லயத்துக்கு வந்துகொண்டிருந்த ஊற்றுக் குழாயை அதற்குத் திருப்பிவிட்டார். ஜனங்கள் கால்வாயில் மொண்டு குடித்தார்கள். வாந்திபேதி வந்தது.

துவண்டுபோன மகள் அம்சவல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு, குழாயைத் திருப்பி விடுங்கள் என்று பாஞ்சாலை அந்தக் குளத்தோரம் போய் நின்றாள். துரை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார். “கொதிக்க வச்சுக் குடி” என்றார். மறுபடியும் முங்கிவிட்டார். விடிந்தபோது பிள்ளை இல்லை.

இன்று காலை அர்ஜுனன் கிளம்பும்போது பாஞ்சாலை ஒன்றுதான் சொன்னாள். “தம்பி, அந்த ஆளை என் முன்னால கொண்டாந்து நிறுத்திடு. அது போதும் எனக்கு.”

துரைக்கு அர்ஜுனனை அடையாளம் தெரியவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தவரின் பார்வை கால்களில் வந்து நின்றது. வெறுங்கால். அவர் காலத்தில் துரைக்கு முன்னால் செருப்புப் போட்டு நிற்க ஒருவருக்கும் துணிச்சல் வராது. கோபம் பாதி இறங்கியது.

“பார்த்தாயா, இவர்கள் இன்னும் மரியாதையை மறக்கவில்லை” என்று மனைவியிடம் ஆங்கிலத்தில் பெருமைப்பட்டார்.

துரைசானி அதைக் காதில் வாங்கவில்லை. கப்பல்காரர் எச்சரித்ததை அவளும் கேட்டிருந்தாள். அர்ஜுனனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. “நீ நல்ல ஆளு. என் துரை உயிர் காப்பாத்தின.”

“நாளைக்குக் காலையில நானே வந்து கூட்டிட்டுப் போறேம்மா. ராத்திரி நல்லாத் தூங்கச் சொல்லுங்க.”

முனகிக்கொண்டே துரை அடுத்த தெருவிலிருந்த ரெஸ்ட் ஹவுஸுக்கு நடந்தார். பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய அர்ஜுனன் முன்னால், மூசா பாய் தேத்தண்ணியை ‘டொக்’கென்று வைத்தார். குளத்துக் கதை அவருக்கும் தெரியும்.

“உனக்கென்ன கிறுக்கா, அர்ஜுனா? நீ பேசாம வண்டியை ஓட்டிருந்தா, மலைப்பாதையில ரிங்லெட் ஊரைத் தாண்டுறதுக்குள்ள ஆண்டவனே தீர்த்து வச்சிருப்பான் லா. உன் மேல ஒரு பேச்சு வராது.”

“அக்கா பாக்காம சாகறதுக்கா, பாய்? கைகால் இழுத்துக்கிட்ட ஆளைக் கொண்டுபோய் லயத்து வாசல்ல எறக்குனா, எல்லாரும் பாவம்னு தண்ணிதானே குடுப்பாங்க? அவரு நல்லபடியா வரணும். நிமிந்து நிக்கணும்.”

மூசா பாய் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப மன்னிச்சுட்டீங்க. பெரிய மனசுதான் உங்க அக்காளுக்கு. பிள்ளையைக் கொன்னவனுக்கு மாலை கட்டுறதுன்னா சும்மாவா? எனக்கு வராதுப்பா.”

அர்ஜுனன் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

“ஆனா பாவம், ராவெல்லாம் முழிச்சுக் கட்டிருப்பா. நாளைக்கு இவரு போய்ச் சேர்றதுக்குள்ள மாலை வாடிப் போயிருமே?”

“செருப்பு வாடாது, பாய்.”